டியூப் லைட் போகிறது... யூவி விளக்கும் போகுமா? வெயில் இல்லாமல் போட்டோ அச்சிடுபவர்கள் எதை வாங்கலாம்?

பாதரச விளக்குகளுக்கு உலக நாடுகள் கடைசித் தேதி குறித்துவிட்டன. சயனோடைப், பிளாட்டினம் போன்ற பழைய முறைகளில் கையால் போட்டோ அச்சிடுபவர்களின் பெட்டிக்குள் எரிவதும் அதே குடும்பத்து டியூப்தான். அடுத்து என்ன வாங்குவது? வாட்டை மட்டும் பார்த்து வாங்கினால் என்ன சிக்கல்? ஓர் எளிய விளக்கம்.

2023 அக்டோபர் 30 முதல் நவம்பர் 3 வரை ஜெனீவாவில் நடந்த மினமாட்டா ஒப்பந்த மாநாட்டில் ஒரு முடிவு எடுக்கப்பட்டது. பொது வெளிச்சத்துக்கான ஃப்ளோரசன்ட் டியூப்களின் தயாரிப்பு, ஏற்றுமதி, இறக்குமதி ஆகியவற்றை நாடுகள் படிப்படியாக நிறுத்த வேண்டும். பழைய வகை ஹாலோபாஸ்பேட் பூச்சு கொண்ட டியூப்களுக்கு 2026-ம் ஆண்டு இறுதி, டிரைபேண்ட் பூச்சு கொண்டவற்றுக்கு 2027-ம் ஆண்டு இறுதி என்று கெடு வைக்கப்பட்டது. ஐரோப்பிய ஒன்றியம் இன்னும் வேகம். டி5, டி8 டியூப்களை 2023 ஆகஸ்ட்டிலேயே சந்தையில் புதிதாக இறக்க முடியாதபடி செய்துவிட்டது. இந்தியாவும் 2018 முதல் இந்த ஒப்பந்தத்தில் இருக்கிறது.

‘நம்ம வீட்டுல எல்இடி மாட்டி எவ்வளவு காலம் ஆச்சு, இது ஒரு செய்தியா?’ என்று பலரும் கடந்து போயிருப்பார்கள். ஆனால் ஒரு சின்ன கூட்டத்துக்கு இது பெரிய செய்தி. காகிதத்தில் தாங்களே ரசாயனம் பூசி, நெகட்டிவ் வைத்து, புற ஊதா ஒளியில் போட்டோ அச்சிடும் கலைஞர்கள், விஸ்காம் மாணவர்கள், வார இறுதிப் பயிலரங்கு நடத்துபவர்கள் ஆகியோர்தான் அந்தக் கூட்டம். அவர்கள் பல பத்தாண்டுகளாக நம்பியிருந்தது இந்த டியூப் குடும்பத்தைத்தான்.

மினமாட்டா என்பது என்ன?

ஜப்பானில் உள்ள ஒரு கடலோர ஊர். அங்கிருந்த சிஸ்ஸோ என்ற ரசாயன ஆலை பாதரசக் கழிவைக் கடலில் கலந்தது. மீன் வழியாக அது மக்களின் உடலுக்குள் போய் நரம்புகளைச் சிதைத்தது. 1956-ல் இந்த நோய் அதிகாரபூர்வமாகக் கண்டறியப்பட்டது. 1970-களின் தொடக்கத்தில் அந்த ஊரிலேயே தங்கி டபிள்யூ.யூஜின் ஸ்மித்தும் அவர் மனைவி ஐலீனும் எடுத்த போட்டோக்கள்தான் இந்தக் கொடுமையை உலகத்தின் கண் முன் கொண்டுவந்து நிறுத்தின. பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தம் 2013-ல் அந்த ஊரின் பெயரிலேயே உருவாகி, 2017-ல் அமலுக்கு வந்தது.

ஒரு டியூப் லைட்டுக்குள் இருப்பது சில மில்லிகிராம் பாதரசம்தான். கோடிக்கணக்கான டியூப்கள் உடைந்து குப்பைக்குப் போகும்போதுதான் அது பிரச்சினை.

யூவி டியூப்களுக்கும் தடையா?

நேரடியாக இல்லை. ஜெனீவா முடிவு ‘பொது வெளிச்சத்துக்கான’ விளக்குகளைப் பற்றியது. பூச்சி பிடிக்கும் மெஷின், மருத்துவம், அச்சு போன்ற தனிப் பயன்பாட்டு யூவி டியூப்கள் அதற்குள் வரவில்லை.

கவலை வேறு இடத்தில் இருக்கிறது. யூவி டியூப் என்பது சாதாரண டியூப் லைட்டின் உடன்பிறப்பு. அதே கண்ணாடிக் குழாய், அதே பாதரச ஆவி, அதே ஹோல்டர், அதே சோக். உள்ளே பூசும் பாஸ்பர் பொடி மட்டும்தான் வேறு. பெரிய சந்தைக்கான உற்பத்தி நின்றுபோனால், சின்ன சந்தைக்காக மட்டும் அந்த இயந்திரங்களை ஓட்டுவது கட்டுப்படியாகுமா என்பதுதான் கேள்வி. இந்தியாவில் 2015-ல் தொடங்கிய உஜாலா திட்டத்தில் மட்டும் 36 கோடிக்கும் மேற்பட்ட எல்இடி பல்புகள் விநியோகிக்கப்பட்டுள்ளன. எலக்ட்ரிக்கல் கடை அலமாரியில் சோக், ஸ்டார்ட்டர் இருந்த இடம் சுருங்கிக்கொண்டே வருவதை யாரும் பார்க்கலாம்.

ஆக, இன்று புதிதாக ஒரு யூவி பெட்டி செய்ய நினைப்பவர், ‘இந்த டியூப் ஐந்து வருடம் கழித்தும் கிடைக்குமா?’ என்று கேட்டுக்கொள்ள வேண்டிய நிலை.

இந்த அச்சுக்கு ஏன் புற ஊதா ஒளி வேண்டும்?

எளிதான உதாரணம் சயனோடைப். 1842-ல் ஜான் ஹெர்ஷல் கண்டுபிடித்தது. ஃபெரிக் அம்மோனியம் சிட்ரேட், பொட்டாசியம் ஃபெர்ரிசயனைடு என்ற இரண்டு உப்புகளைத் தண்ணீரில் கரைத்துக் கலந்து, காகிதத்தில் பிரஷ்ஷால் பூசிக் காயவைக்க வேண்டும். அதன் மேல் நெகட்டிவை வைத்து, கண்ணாடியால் அழுத்தி, ஒளி காட்ட வேண்டும். ஒளி பட்ட இடத்தில் இரும்பு உப்பு வேதிமாற்றம் அடைந்து பிரஷ்யன் நீலமாகிறது. படாத இடம் தண்ணீரில் கழுவினால் போய்விடும். அவ்வளவுதான். 1843-ல் அன்னா அட்கின்ஸ் பாசிகளைப் பதிவுசெய்த புகழ்பெற்ற புத்தகம் இந்த முறையில் உருவானதே. கட்டிட வரைபடத்துக்கு நாம் சொல்லும் ‘ப்ளூபிரிண்ட்’ என்ற வார்த்தையும் இதிலிருந்து வந்ததுதான்.

பிளாட்டினம், வான்டைக் பிரவுன், கம் பைக்ரோமேட், சால்ட் பிரிண்ட் என்று இந்தக் குடும்பம் பெரியது. எல்லோருக்கும் பொதுவான ஒரு குணம் உண்டு. மஞ்சள் பல்பு வெளிச்சத்துக்கு அவை கிட்டத்தட்ட அசையாது. புற ஊதாவும், அதை ஒட்டிய ஊதா - நீல ஒளியும்தான் அவற்றை எழுப்பும். அதுவும் மெதுவாக. அதனால்தான் என்லார்ஜர் வைத்துப் பெரிதாக்க முடியாமல், அச்சின் அளவிலேயே நெகட்டிவ் தயார்செய்து நேரடியாக வைத்து அச்சிடுகிறார்கள்.

நம்ம ஊர் வெயிலே போதாதா?

நியாயமான கேள்வி. கோடையில் சென்னையின் உச்சி வெயில் யூவி குறியீட்டில் 11-ஐத் தாண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோலில் அதுதான் உச்சபட்ச வகை. லின்னேயஸ் ட்ரைப் 1858-ல் மதுரை, தஞ்சாவூர் கோயில்களைப் படம் எடுத்த காலத்தில் அச்சுக்கு வெயிலை விட்டால் வேறு வழியே கிடையாது.

முதல் பத்து பிரிண்ட்டுக்கு வெயிலை மிஞ்ச எதுவும் இல்லை. காசு கிடையாது. சூரியன் வெகுதூரத்தில் இருப்பதால் ஒளி ஒரே திசையில் வந்து விழுகிறது. நுணுக்கமான கோடுகள்கூடத் தெளிவாகப் பதியும்.

சிக்கல், அதே பிரிண்ட்டை இரண்டாவது முறை எடுக்கும்போது ஆரம்பிக்கிறது. காலை 9 மணி வெயிலும் நண்பகல் வெயிலும் ஒன்றல்ல. நடுவில் ஒரு மேகம் வந்தால் கணக்கு போச்சு. வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் நாள்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஆபீஸ் முடிந்து எட்டு மணிக்கு வீடு திரும்பி, அதற்கு மேல் அச்சிட உட்காரும் ஒருவருக்குச் சூரியன் கைகொடுக்காது. ஒரே படத்தைக் கண்காட்சிக்காகப் பத்துப் பிரதி எடுப்பவருக்கு, பத்தும் ஒன்றுபோல இருக்க வேண்டும். செயற்கை விளக்கு தேவைப்படுவது அங்கேதான். அது தருவது அதிக ஒளி என்பதைவிட, எப்போதும் ஒரே அளவு ஒளி.

‘யூவி’ என்று எழுதியிருந்தால் எல்லாம் ஒன்றா?

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். நம்மைச் சுற்றியுள்ள ஐந்து பொருட்களை எடுத்துக்கொள்வோம். தண்ணீர் சுத்திகரிப்பு மெஷின், ஸ்வீட் கடையில் ஈ பிடிக்கும் மெஷின், கள்ளநோட்டு பார்க்கும் விளக்கு, பார்லரில் ஜெல் நெயில் பாலிஷ் உலர்த்தும் பெட்டி, ரெசின் 3டி பிரிண்டர். ஐந்திலும் ‘யூவி’ விளக்கு உண்டு. ஆனால், ஐந்தும் ஒரே ஒளி அல்ல.

ஒளியை அலைநீளத்தால் அளக்கிறார்கள். அலகு நானோமீட்டர். 100 முதல் 280 வரை யூவி-சி. 280 முதல் 315 வரை யூவி-பி. 315 முதல் 400 வரை யூவி-ஏ. அதற்கு மேல் கண்ணுக்குத் தெரியும் ஊதா தொடங்குகிறது. அச்சுக்கு நமக்கு வேண்டியது யூவி-ஏ.

தண்ணீர் சுத்திகரிப்பு டியூப் 254 நானோமீட்டர். அது யூவி-சி, கிருமியைக் கொல்லும் ஒளி. ஈ பிடிக்கும் மெஷினில் இருப்பது 350 முதல் 370 வரையிலான யூவி-ஏ. நோட்டு பார்க்கும் விளக்கு சுமார் 365. ஜெல் நெயில் பெட்டிகள் பலவற்றில் 365-ம் 405-ம் கலந்திருக்கும். ரெசின் பிரிண்டர்கள் பெரும்பாலும் 405.

இதில் முதலாவதை மட்டும் தொடவே கூடாது. யூவி-சி ஒளி சாதாரணக் கண்ணாடியைத் தாண்டிப் போகாது. அச்சு ஃபிரேமின் கண்ணாடியிலேயே நின்றுவிடும், படம் விழாது. ஆனால் பக்கத்தில் இருப்பவரின் கண்ணையும் தோலையும் சுட்டுவிடும். வெல்டிங் வெளிச்சத்தை வெறும் கண்ணால் பார்த்தவர்களுக்கு ராத்திரி கண்ணில் மணல் அள்ளிப் போட்டதுபோல் உறுத்துமே, அதே பாதிப்புதான். கொரோனா காலத்தில் கிருமிநாசினி என்ற பெயரில் நிறைய வீடுகளுக்கு இப்படிப்பட்ட விளக்குகள் வந்தன. கை, தோலைச் சுத்தப்படுத்த அவற்றைப் பயன்படுத்த வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனமே அப்போது எச்சரித்தது. அலமாரியில் சும்மா கிடக்கிறதே என்று அதை எடுத்து அச்சுப் பெட்டியில் மாட்டுவது ஆபத்தான சிக்கனம்.

டியூப் பெட்டி ஏன் இவ்வளவு காலம் தாக்குப்பிடித்தது?

ஒரு மரப்பெட்டி. அதன் மேல்புறத்தில் ஆறு அல்லது எட்டு இரண்டடி டியூப்கள் நெருக்கமாக. கீழே காகிதமும் நெகட்டிவும். இதுதான் உலகம் முழுக்கப் பலர் வீட்டில் செய்துகொண்ட அமைப்பு.

இதில் இரண்டு வசதிகள். ஒன்று, பிஎல் வகை டியூபின் ஒளி 350 - 370 நானோமீட்டர் பகுதியில் குவிந்திருக்கிறது. இரும்பு உப்பு முறைகளுக்கு அது பொருத்தமான இடம். இரண்டு, நீளமான டியூப்கள் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால் காகிதம் முழுக்க ஒளி சீராக விழும். டியூப்களுக்கு இடையே என்ன இடைவெளியோ, குறைந்தது அந்த அளவு தூரத்திலாவது காகிதம் இருந்தால் கோடு கோடாகத் தெரியாது என்பது நடைமுறை விதி.

கடையில் பிஎல், பிஎல்பி என்று இரண்டு வகை கேட்பார்கள். பிஎல் எரியாதபோது வெள்ளையாக இருக்கும், எரிந்தால் வெளிர்நீலம். பிஎல்பி கருநீலக் கண்ணாடி. டிஸ்கோ விளக்கு மாதிரி. பிஎல்பி செய்வது, கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தை வடிகட்டுவது மட்டும்தான். அச்சுக்கு அந்த வடிகட்டல் தேவையே இல்லை. அதிகக் காசு கொடுத்து பிஎல்பி வாங்குவதில் லாபம் கிடையாது.

டியூபின் குறைகள்? எரியத் தொடங்கிய சில நிமிடங்கள் ஒளி நிலையாக இருக்காது. மாதக்கணக்கில் பயன்படுத்தும்போது யூவி அளவு மெல்லக் குறையும். கண்ணுக்கு அதே வெளிச்சமாகத்தான் தெரியும், ஆனால் பிரிண்ட் வெளுக்கும். உடைந்தால் பாதரசம்.

அச்சகங்களில் இருந்த மெட்டல் ஹாலைடு, மெர்குரி விளக்குகளைச் செகண்ட் ஹேண்டில் வாங்குபவர்களும் உண்டு. ஒளி பலமானது, ஒரே இடத்திலிருந்து வருவதால் கூர்மையும் கிடைக்கும். ஆனால் சூடாக நேரம் எடுக்கும், அணைத்தால் ஆறும்வரை திரும்ப எரியாது, வெளிக்கண்ணாடி உடைந்த நிலையில் எரிந்தால் ஆபத்தான குறுகிய அலை யூவி வெளியே வரும். வீட்டு அறைக்கு ஏற்றதல்ல.

எல்இடி என்றால் 365-ஆ, 395-ஆ, 405-ஆ?

இப்போது சந்தையில் புதிதாக வாங்கக் கிடைப்பதில் பெரும்பகுதி எல்இடிதான். பட்டனைத் தட்டியதும் முழு ஒளி. பாதரசம் இல்லை. ஆயுள் அதிகம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

டியூபுக்கும் எல்இடிக்கும் ஒரு அடிப்படை வித்தியாசம் உண்டு. டியூபின் ஒளி ஒரு அகலமான பட்டையாகப் பரவியிருக்கும். எல்இடியின் ஒளி குறுகிய ஊசி மாதிரி, சொன்ன அலைநீளத்தைச் சுற்றி மட்டும். அதனால் எந்த எண் என்பது இங்கே முக்கியம்.

365 நானோமீட்டர் எல்இடி, பழைய பிஎல் டியூபுக்கு நெருக்கமான மாற்று. சயனோடைப் உள்ளிட்ட இரும்பு முறைகள் இதற்கு நன்றாக இசைகின்றன. விலை கூடுதல்.

395 முதல் 405 வரையிலானவை மலிவு, எளிதில் கிடைக்கும். பார்ட்டி விளக்கு என்றும் ‘பிளாக் லைட் ஃபிளட்’ என்றும் ஆன்லைனில் விற்பவற்றில் பல இந்த ரகம். இதிலும் சயனோடைப் விழும். ஆனால் ரசாயனத்தின் உணர்திறன் இந்தப் பக்கம் இறங்கிக்கொண்டிருப்பதால், அதே அளவு ஒளிக்கு அதிக நேரம் தேவைப்படலாம். பைக்ரோமேட் முறைகள் ஊதா, நீலம் வரை உணர்பவை என்பதால் அவற்றுக்கு இது அவ்வளவு பெரிய குறை இல்லை. ஒரே பலகையில் 365, 395 இரண்டையும் கலந்து பொருத்துபவர்களும் இருக்கிறார்கள்.

விற்பனைப் பக்கத்தில் அலைநீளம் குறிப்பிடாமல் வெறும் ‘யூவி’ என்று மட்டும் போட்டிருந்தால், அந்த விளக்கைத் தவிர்ப்பது நல்லது.

100 வாட் என்றால் 100 வாட்டா?

எப்போதும் இல்லை. சில மலிவு விளக்குகளில் பெட்டியில் போட்டிருக்கும் எண் ஒன்று, இழுக்கும் மின்சாரம் வேறு. பிளக்கில் மாட்டும் சின்ன பவர் மீட்டரில் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். அப்படியே 100 வாட் இழுத்தாலும், அதில் எவ்வளவு யூவியாக மாறுகிறது, எவ்வளவு வெறும் சூடாகப் போகிறது என்பது சிப்பின் தரத்தைப் பொறுத்தது. பின்பக்கம் கனமான ஹீட் சிங்க், தேவைப்பட்டால் ஃபேன் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சூடு ஏற ஏற எல்இடியின் ஒளி குறையும், ஆயுளும் குறையும்.

நடுவில் கருநீலம், ஓரத்தில் வெளுப்பு: ஏன்?

ஒற்றை ஃபிளட் லைட்டை வாங்கி மாட்டியவர்கள் அடிக்கடி சந்திக்கும் பிரச்சினை இது. ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம்.

30 சென்டிமீட்டர் அகலக் காகிதத்துக்கு நேர் மேலே, 30 சென்டிமீட்டர் உயரத்தில் ஒரு சின்ன எல்இடி சிப் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். லென்ஸ், ரிஃப்ளெக்டர் எதுவும் இல்லை. நடுவில் விழும் ஒளியை 100 என்றால், பக்கவாட்டு ஓரத்தின் மையத்தில் விழுவது சுமார் 64. மூலைகளில் வெறும் 44. பாதிக்கும் குறைவு.

அதே விளக்கை 60 சென்டிமீட்டருக்கு உயர்த்தினால் ஓரம் சுமார் 89, மூலை 79 என்று சீராகிவிடும். ஆனால் இரட்டிப்பு தூரத்தில் ஒளி நாலில் ஒரு பங்காகக் குறையும். 10 நிமிடத்தில் முடிந்த எக்ஸ்போஷர் 40 நிமிடம் ஆகும்.

ஆக, தேர்வு இதுதான்: தூரத்தில் வைத்து நேரத்தை இழப்பதா, அல்லது ஒன்றுக்குப் பதில் பல சின்ன சிப்களைப் பலகை முழுக்கப் பரப்புவதா? எல்இடி ஸ்டிரிப்களை நெருக்கமாக ஒட்டிப் பெட்டி செய்பவர்கள் இரண்டாவது வழியில் போகிறார்கள். பழைய டியூப் பெட்டியின் சீரான ஒளியை அப்படித்தான் திரும்பப் பெற முடிகிறது. உள்பக்கச் சுவர்களில் அலுமினியத் தகடு ஒட்டினால் ஓரங்களுக்கு இன்னும் கொஞ்சம் உதவும்.

கண்ணாடியையும் கவனிக்க வேண்டுமா?

கட்டாயம். விளக்கு சரியாக இருந்தும் படம் வெளுக்கிறது என்றால் ஃபிரேம் கண்ணாடி காரணமாக இருக்கலாம். சாதாரண ஜன்னல் கண்ணாடி யூவி-ஏ-வின் பெரும்பகுதியை விட்டுவிடும். நடுவில் பிளாஸ்டிக் படலம் வைத்த லேமினேட்டட் கண்ணாடி, பாலிகார்பனேட் தகடு, படம் மங்காமல் இருக்க யூவி தடுப்புப் பூச்சு கொடுத்த ஃபிரேம் கண்ணாடி ஆகியவை யூவியை வடிகட்டிவிடும். அச்சிடுவதற்கு அவை உதவாது. முடிந்த பிரிண்ட்டைச் சுவரில் மாட்டும்போதுதான் அவற்றுக்கு வேலை.

விளக்கை மாற்றினால் நெகட்டிவையும் மாற்ற வேண்டுமா?

பெரும்பாலும், ஆம். இன்று பலர் கம்ப்யூட்டரில் படத்தைத் திருத்தி, இன்க்ஜெட் பிரிண்டரில் டிரான்ஸ்பரன்சி ஷீட்டில் நெகட்டிவ் எடுக்கிறார்கள். அந்த மை நம் கண்ணுக்கு எவ்வளவு கறுப்பாகத் தெரிகிறது என்பது இங்கே கணக்கில்லை. விளக்கின் அலைநீளத்தை அது எவ்வளவு தடுக்கிறது என்பதுதான் கணக்கு. 365-ல் நன்றாகத் தடுக்கும் மை 405-ல் கொஞ்சம் கசியவிடலாம். சில நிற மைகளில் தலைகீழாகவும் நடக்கும்.

டியூப் பெட்டிக்கு மாதக்கணக்கில் உழைத்து உருவாக்கிய டோன் கர்வ், புது எல்இடியில் அப்படியே வேலை செய்யாமல் போவதற்கு இதுதான் காரணம். ‘புது லைட் சரியில்லை’ என்று பலர் அதைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். உண்மையில் விளக்கில் பழுதிருக்காது. நெகட்டிவை அதற்கேற்ப மறுபடி அளவிட வேண்டியிருக்கும். விளக்கின் விலையோடு இந்த உழைப்பையும் சேர்த்துத்தான் செலவைக் கணக்கிட வேண்டும்.

கண்ணுக்கும் தோலுக்கும் என்ன பாதுகாப்பு?

யூவி-ஏ, யூவி-சி அளவுக்குக் கொடியது இல்லை. ஆனால் பாதிப்பே இல்லை என்றும் சொல்ல முடியாது. 365 ஒளி கண்ணுக்கு மங்கலாகத்தான் தெரியும். பிரகாசம் தெரியாததால் கண் கூசாது, பாவையும் சுருங்காது. ‘வெளிச்சமே இல்லையே’ என்று உற்றுப் பார்ப்பவர்களுக்குத்தான் ஆபத்து அதிகம்.

• விளக்கு எரியும்போது பெட்டி மூடியே இருக்க வேண்டும். கதவைத் திறந்தால் தானாக அணையும் சுவிட்ச் வைத்தால் இன்னும் நல்லது.

• 400 நானோமீட்டர் வரை தடுக்கும் என்று குறிப்பிட்ட, பக்கவாட்டையும் மூடும் பாதுகாப்புக் கண்ணாடி அணிய வேண்டும். சாதாரண கூலிங் கிளாஸ் போதாது. 395 - 405 விளக்குகளின் ஒளி 400-ஐத் தாண்டியும் நீளும் என்பதால், அந்த எல்லையையும் சேர்த்துத் தடுக்கும் மஞ்சள் அல்லது ஆரஞ்சு நிறக் கண்ணாடி தேவை.

• முழுக்கைச் சட்டை, கையுறை போடலாம். வீட்டில் குழந்தைகள் இருந்தால் பெட்டிக்குப் பூட்டு அவசியம்.

• விளக்குகளின் கண், தோல் பாதுகாப்பை மதிப்பிட ஐஇசி 62471 என்ற சர்வதேசத் தரநிலை உள்ளது. வாங்கும்போது அதன்படி எந்த ஆபத்துப் பிரிவு என்று குறிப்பிட்டிருக்கிறதா எனப் பார்க்கலாம்.

• டியூப் உடைந்துவிட்டால் ஜன்னலைத் திறந்துவிட்டுச் சற்று நேரம் அறையை விட்டு வெளியேற வேண்டும். துடைப்பம், வேக்குவம் கிளீனர் வேண்டாம். கெட்டியான அட்டையால் திரட்டி, மூடியுள்ள டப்பாவில் போட வேண்டும். 2022-ம் ஆண்டு மின்னணுக் கழிவு விதிகளில் பாதரச விளக்குகளும் சேர்க்கப்பட்டுள்ளன. எனவே வீட்டுக் குப்பையோடு கலக்காமல், மின்னணுக் கழிவு சேகரிப்பவரிடம் கொடுப்பதே முறை.

வாங்கியதும் செய்ய வேண்டிய மூன்று சோதனைகள்

1. சீர் சோதனை: நெகட்டிவ் எதுவும் வைக்காமல், ரசாயனம் பூசிய முழுக் காகிதத்தைப் பாதி நேரம் மட்டும் ஒளியில் காட்டிக் கழுவுங்கள். நடுத்தர நீலம் வரும். மூலைகள் வெளுத்திருந்தால் விளக்கின் உயரத்தை மாற்றுங்கள்.

2. நேரச் சோதனை: 21 படிகள் கொண்ட ஸ்டெப் டேப்லெட் ஒன்றைக் காகிதத்தின் மேல் வைத்து அச்சிடுங்கள். வழக்கமான டேப்லெட்டில் இரண்டு படி நகர்ந்தால் ஒளி இரட்டிப்பு அல்லது பாதி என்று பொருள். எந்தப் படிவரை முழுக் கருமை வருகிறது என்று பார்த்தால் சரியான நேரத்தைக் கணக்கிடலாம். தேதி எழுதி அந்தத் துண்டைப் பத்திரப்படுத்துங்கள்.

3. நிலைத்தன்மைச் சோதனை: விளக்கைப் போட்டதும் ஒரு துண்டு, அரை மணி நேரம் எரிந்த பிறகு அதே நேரத்தில் இன்னொரு துண்டு அச்சிடுங்கள். இரண்டும் ஒன்றுபோல இருந்தால் விளக்கு நம்பகமானது. வித்தியாசம் இருந்தால், சூட்டால் ஒளி மாறுகிறது என்று அர்த்தம்.

விலையுயர்ந்த யூவி மீட்டர் இல்லாமலே இந்த மூன்றையும் செய்துவிடலாம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை இரண்டாவது சோதனையைத் திரும்பச் செய்தால், விளக்குக்கு வயதாவதும் தெரிந்துவிடும்.

யாருக்கு எது சரி?

இப்போதுதான் தொடங்குகிறீர்களா? விளக்கே வாங்காதீர்கள். ஒரு கோடைக்காலம் முழுக்க வெயிலில் அச்சிடுங்கள். இந்த முறை உங்களுக்குப் பிடிக்கிறதா என்று முதலில் தெரியட்டும்.

அஞ்சலட்டை அளவில் மட்டும் சோதனை செய்பவருக்கு 365-ம் 405-ம் கலந்த ஜெல் நெயில் பெட்டி போதும். டைமரும் அதிலேயே இருக்கும்.

ஏற்கெனவே நல்ல டியூப் பெட்டி வைத்திருப்பவர் பயந்து அதை உடனே தூக்கிப்போட வேண்டியதில்லை. கூடுதலாக ஒரு செட் டியூப் வாங்கி வைத்துக்கொண்டு, அது தீர்வதற்குள் நிதானமாக எல்இடிக்கு மாறலாம். இருந்தாலும், டியூப் நம்பிப் புதிதாக ஒரு பெட்டி கட்டுவது இன்றைய தேதியில் புத்திசாலித்தனம் அல்ல.

தொடர்ந்து அச்சிடுபவர், பிரதிகள் விற்பவர் 365 எல்இடி சிப்கள் பரப்பிய பலகையை நோக்கிப் போகலாம். பட்ஜெட் இடித்தால் 395. எதை எடுத்தாலும் அதோடே நிலைத்திருப்பது முக்கியம். ஆறு மாதத்துக்கு ஒரு விளக்கு மாற்றினால் கணக்கு எப்போதும் கைக்கு வராது.

வருடத்துக்கு நாலு முறை பயிலரங்கு நடத்தும் கல்லூரிக்கு இன்னொரு வழியும் உண்டு. டி-ஷர்ட்டில் ஸ்கிரீன் பிரிண்டிங் செய்யும் கூடங்களில் ஸ்கிரீனை எக்ஸ்போஸ் பண்ணும் யூவி டேபிள் இருக்கும். திருப்பூர் மாதிரி ஊர்களில் இது அபூர்வமான கருவியே இல்லை. அந்த இமல்ஷனுக்கும் தேவை கிட்டத்தட்ட இதே யூவி-ஏ ஒளிதான். பல டேபிள்களில் காற்றை உறிஞ்சி நெகட்டிவையும் காகிதத்தையும் இறுக்கிப் பிடிக்கும் வசதியும் இருக்கும். வாடகைக்குக் கேட்டுப் பார்ப்பதில் நஷ்டம் ஒன்றுமில்லை.

இனி என்ன?

பாதரசம் போக வேண்டியதுதான். அதில் இரண்டு கருத்து இருக்க முடியாது. மினமாட்டாவின் படங்களைப் பார்த்த எந்தப் புகைப்படக்காரரும் அதற்கு எதிராகப் பேச மாட்டார். ஆனால் பெரிய சந்தைக்காக எடுக்கப்படும் முடிவின் வால்பகுதியில், கணக்கில் வராத சின்னச் சின்னக் கைவேலைகளும் மாட்டிக்கொள்கின்றன. அவற்றுக்கு யாரும் மாற்றுத் திட்டம் அறிவிக்கப்போவதில்லை. பயன்படுத்துபவர்களே கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும்.

நல்ல விஷயம், இந்த மாற்றத்தை முடிவு செய்ய இன்னும் அவகாசம் இருக்கிறது. வாங்கும்போது கேட்க வேண்டிய கேள்விகளும் மூன்றுதான்: எத்தனை நானோமீட்டர்? காகிதத்தின் மூலை வரை ஒரே அளவில் விழுமா? அடுத்த வருடமும் இதே ஒளியைத் தருமா? வாட் எவ்வளவு என்ற கேள்வி அதற்குப் பிறகு வரட்டும்.